பூட்டு வேண்டாம் என்ற டீச்சர்

இன்று காலை கடை திறந்ததும் ஒரு டீச்சர் வந்தார். வகுப்பில் இருக்கும் புத்தக அலமாரியின் பூட்டைக் கழற்ற வேண்டுமாம்.

“புதுசு போட்ருவமா டீச்சர்?”

“பூட்டே வேணாம்ண்ணே. ஒரு கொக்கி போதும். ஒண்ணாப்புப் பிள்ளைக்கும் எட்டணும். யாரையும் கேக்காம எடுத்துப் படிக்கணும்.”

திண்டுக்கல்லில் பூட்டுக்கடைக்கே வந்து பூட்டு வேண்டாம் என்கிறார்!

“எல்லாரும் இப்படிக் கெளம்புனா எம் பொழப்பு என்னாகுறது? சரி, புஸ்தகத்தை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டா?”

“அதுக்குத்தாண்ணே இம்புட்டு நாளா காத்துக்கிட்டிருக்கேன்.”

நாளைக்கே வந்து கழற்றித் தருவதாகச் சொல்லிவிட்டேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். எங்கள் வகுப்பு அலமாரிக்குள் என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது. பூட்டு மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்தே பூட்டுக்கடைக்காரன் ஆகிவிட்டேன் போல.

உங்களில் யாராவது உள்ளே பார்த்திருக்கிறீர்களா?