ரேஸ் காருக்கு நாமக்கல்லில் நடந்த வைத்தியம்

எஞ்சின் வேலைக்கு விட்டிருந்த என் சின்னக் காரை இன்று நாமக்கல் பட்டறையிலிருந்து எடுத்து வந்தேன். ஞாயிற்றுக்கிழமை மெட்ராஸ் பக்கம், யுத்தம் முடிந்து சும்மா கிடக்கும் விமான ஓடுதளத்தில் ரேஸ்.

வேகத்தைக் கூட்ட இரண்டு கார்புரேட்டர் வைப்பதா, சிலிண்டர் ஹெட்டைச் சீவி அழுத்தத்தைக் கூட்டுவதா என்று தூக்கம் கெட்டு யோசித்தவன் நான்.

அந்தப் பட்டறையில் லாரி பாடி கட்டும் பொன்னுசாமி அண்ணன் போன வாரம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எத்தன மூட்டை ஏத்துவீங்க?" என்றார்.

"மூட்டையே இல்லைங்கண்ணா. நான் ஒருத்தன்தான்."

"ஒருத்தருக்கு எதுக்குங்க இத்தன எஞ்சினு?"

என் மனைவியும் இதையேதான் கேட்டாள். "ரெண்டையுமே பண்ணிடுங்க" என்று அண்ணனிடம் வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

இன்று போய்ப் பார்த்தால், பண்ணியிருந்தார். எஞ்சின் புலி மாதிரி உறுமியது.

கூடவே கூரைமேல் இரும்புக் கேரியர், அடியில் இரும்புச் சட்டம், பின்னால் கூடுதல் ஸ்பிரிங் பட்டைகள். பின்பக்கம் சிவப்பு எழுத்தில் 'ஒலி எழுப்பவும்'. ரேஸில் எல்லோருக்கும் வழி விடுவேன் என்று எனக்காக அவரே வாக்குக் கொடுத்துவிட்டார்.

"அண்ணா, இதெல்லாம் யாருங்க கேட்டது?"

"எஞ்சினுக்குப் பலத்தக் குடுத்துட்டு சும்மா உட்டா வண்டி எகிறுமுங்க. பாரம் இருந்தாத்தான் ரோட்டுல நிக்கும். காசு வேண்டாமுங்க, நம்ம ஆசைக்குப் பண்ணுனது."

ஆசையை அழுத்தமாக வெல்டிங் வைத்திருக்கிறார். கழற்ற வழியில்லை.

நாளை காலை மெட்ராஸ் கிளம்புகிறேன். சரக்கு அனுப்ப வேண்டியவர்கள் சொல்லுங்கள். கண்ணாடிச் சாமான் மட்டும் வேண்டாம், இது ரேஸ் கார்.