யானையை ஆச்சி என்று அழைத்தவர்

சைகோனில் மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்பு, காற்று ஒருமுறை சிலிர்த்தால் போதும், மிருகக்காட்சித் தோட்டத்தின் நெடிய மரங்களிலிருந்து இரட்டைச் சிறகுள்ள விதைகள் கூட்டம் கூட்டமாகச் சுழன்று இறங்கி, தலைமுடியிலும் சட்டைக் காலரிலும் சத்தமில்லாமல் அமரும். 'போங் யாவ்' என்று அவற்றின் பெயரைக் கத்திக்கொண்டு பிள்ளைகள் நாங்கள் அவற்றை மறுபடி மேலே வீசுவோம். ஊரார் அந்தத் தோட்டத்தைச் 'சொ தூ' என்பார்கள். பிரெஞ்சுக்காரர் காலத்து மரங்கள், பழைய அரசர்களுக்கு ஒரு கோயில், நம் பிள்ளையாரைப் போலவே தொந்தி சரிந்த சம்பா நாட்டுக் கற்சிலைகள் நிற்கும் அருங்காட்சியகம், தாமரைக் குளம், குரங்குகள் என எல்லாம் ஒரே மதிலுக்குள் பச்சை வெளிச்சத்தில் மிதந்துகொண்டிருக்கும். சோற்றில் 'போ போ' என்ற முரட்டுத் தானியத்தைக் கலந்து தின்ற அந்த வருடங்களில், ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு அதுதான்.

என் அப்பா, அந்த ஊர் வழக்கப்படி நான் அழைத்த பெயரில் 'பா', காரைக்குடிப் பக்கத்திலிருந்து செட்டியார்கள் தங்கித் தொழில் செய்யும் ஒரு கிட்டங்கிக்குச் சமையல்காரராக வந்தவர். போர் முடிந்து ஆட்சி மாறியதும் முதலாளிகள் கப்பலிலும் விமானத்திலும் ஊர் திரும்ப, வியட்நாமியப் பெண்ணான என் அம்மாவை மணந்திருந்த பா மட்டும் தங்கிவிட்டார். அவர் வீட்டில் வறுத்து இடித்துத் தரும் மசாலாப் பொடியை அம்மா 'பென் தான்' என்ற பெரிய சந்தையில் விற்பாள். ஞாயிறு காலை அம்மா கடையில் இருக்க, பா என்னைச் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு போவார். தோட்டத்து வாசலில் கரும்புச்சாறு பிழிபவர் வெட்டிப் போடும் நுனிக் கரும்புக் கொழுந்தாடைகளைக் கேட்டு வாங்கி, நேராக யானையிடம் போய் நிற்பார்.

"என்ன ஆச்சி, சௌக்கியமா? ராத்திரி மழையில நனைஞ்சீகளா?"

அவர் மனம்விட்டுத் தமிழ் பேச அந்த ஊரில் மிச்சமிருந்தது கிட்டத்தட்ட அந்த யானைதான். எனக்குத் தமிழ் அரைகுறை. அம்மாவுக்கு அதுவும் இல்லை. வாரம் முழுவதும் சேர்த்துவைத்த பேச்சையெல்லாம், அது காதை மெல்ல ஆட்டிக் கேட்டுக்கொண்டிருக்க, கொட்டித் தீர்ப்பார்.

பள்ளியில் என் நிறத்தைப் பார்த்து 'சா வா' என்பார்கள். இந்தியர்களுக்கு அங்கே வைத்திருந்த கேலிப் பெயர் அது. நான் அழுதுகொண்டு வந்து சொன்னபோது பா சிரித்தார். "சாவான்னா நம்ம பாஷையில சாகாததுன்னு அருத்தம் ஆத்தா. நல்ல வார்த்தைதான்." எனக்கு அது நல்ல வார்த்தையாகப் படவில்லை.

ஒன்பது வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வகுப்பைச் சொ தூவுக்கு அழைத்துப் போனார்கள். பள்ளியைப் பெருக்கப் போகிறோம் என்று வீட்டில் பொய் சொன்னேன்; நான் இல்லாவிட்டால் பா போகமாட்டார் என்று நினைத்தேன். போயிருந்தார். சிவப்புக் கழுத்துத் துணி கட்டிய நாற்பது பிள்ளைகள் வரிசையாக யானையருகே வந்தபோது, பா கம்பியைப் பிடித்துக்கொண்டு உரக்கத் தமிழில் பேசிக்கொண்டிருந்தார்.

"அந்தச் சா வா யானைக்கு மந்திரம் போடுறான்!" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

என் தோழி லான் என் கையைப் பிடித்தாள். "அது உன் பாதானே?"

"இல்லை. எனக்கு அவரைத் தெரியாது" என்றேன், தேவைக்கு மேல் சத்தமாக.

பா திரும்பினார். நான் சொன்னது அவருக்குக் கேட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. ஒரு கணம்தான். பிறகு வியட்நாமிய மொழியில், "வாங்க பிள்ளைகளா, பயப்படாதீங்க, இது நல்ல யானை" என்று ஆளுக்கொரு துண்டு கரும்பைக் கொடுத்துக்கொண்டே வந்தார். என் முறை வந்தபோது, அறியாத வீட்டுக் குழந்தையைக் கூப்பிடும் மரியாதைச் சொல்லால் என்னை அழைத்து, "இந்தாம்மா, நீயும் குடு" என்றார். வாங்கிக்கொண்டேன். யானையின் துதிக்கை என் விரல்களை ஈரமாகத் தடவியது. நிமிர்ந்தபோது அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மரங்களுக்கிடையில் போய்க்கொண்டிருந்தார்.

வீட்டில் அவர் எதுவும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு முழங்கால் வலி என்றார். அதற்கடுத்த ஞாயிறும் அதே வலி. மூன்றாவது ஞாயிறு நானே சைக்கிளைத் துடைத்து வாசலில் நிறுத்தி, பின்னிருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். சற்று நேரம் பார்த்துவிட்டு வந்து மிதித்தார்.

யானை அவரை அடையாளம் கண்டு துதிக்கையை நீட்டியது. அவரோ கரும்பைக் கொடுத்தார், பேசவில்லை. சுற்றிலும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். கம்பியில் ஏறி நின்று, எனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் திரட்டிக் கத்தினேன்: "ஆச்சி! சௌக்கியமா?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பா என்னைப் பார்க்காமல், யானையையே பார்த்தபடி சொன்னார்: "கடைசியில குரலைத் தூக்கணும் ஆத்தா. நீ இறக்குறே. இறக்குனா, கேள்வி மாதிரியே இல்லை."

இன்னொருமுறை சொன்னேன். "ம்" என்றார். அதன் பிறகு அவரும் பேசத் தொடங்கினார். மன்னிப்பு என்று நான் கேட்கவேயில்லை. எந்த மொழியில் கேட்பது என்றும் தெரியவில்லை.

கல்யாணமாகிச் சென்னைக்கு வந்து, இந்தத் தமிழ் எழுத்துகளை நாற்பது வயதுக்கு மேல்தான் கற்றேன். அப்போது பா இல்லை. போன வருடம் சைகோன் போனேன். அம்மாவின் கடை இருந்த இடத்தில் சுற்றுலாக்காரர்களுக்குப் பைகள் தொங்குகின்றன. சொ தூவில் யானைகள் இருக்கின்றன, வேறு யானைகள். வெகுநேரம் அங்கேயே நின்றேன். கைக்குழந்தையோடு பக்கத்தில் நின்ற இளம்பெண், "யாருக்காகக் காத்திருக்கீங்க?" என்று கேட்டாள்.

"இங்கே நின்று யானையோடு பேசுவாரே, ஓர் இந்தியர், அவர் என் பா" என்றேன்.

அவளுக்கு அவரைத் தெரிந்திருக்க வழியில்லை. இருந்தும் இன்னொருமுறை சொன்னேன், கொஞ்சம் சத்தமாக.