நான் நின்றால் மட்டும் பேசிய மீட்டர்

ஸ்மார்ட் மீட்டர் மாட்டும் வேலையில் என்னைத் தண்ணி குடிக்க வைத்தது ஒரே ஒரு வீடுதான். மாரிகுப்பத்தில், தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய ஒரு பழைய மைன்ஸ் லைன் வீடு. எஸ்தர் அக்கா அங்கே கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்கிறார். பெங்களூரில் வேலை முடித்து சாயங்கால ரயிலில் திரும்புகிறவர்கள்தான் அவருக்கு வாடிக்கை.

புது மீட்டர் வந்தால் நேரத்துக்கு ஒரு ரேட்டு. வெயில் அடிக்கும் பகலில் குறைவு, விளக்கு வைத்த பிறகு கூடுதல். நான் விளக்கி முடிப்பதற்குள் அக்கா, "ஷிஃப்ட் மாத்திக்கணும், அவ்ளோதானே?" என்றார். சாயங்காலம் அரைத்துக்கொண்டிருந்தவர் மத்தியானத்துக்கு மாறினார். மாவு சீக்கிரம் புளிக்கிறது என்று வாடிக்கைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அக்கா சமாளித்தார்.

ஆனால் பில் குறையவே இல்லை. எந்த நேரத்தில் எவ்வளவு ஓடியது என்பதை மீட்டர் தன் சிம் வழியாக ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். அது முழுசாக வந்தால்தான் நேர ரேட்டு. இல்லாவிட்டால் பழைய ஒரே ரேட்டு. இந்த மீட்டரோ வாயே திறக்கவில்லை.

போன் பண்ணிவிட்டுப் போனேன். அக்காவின் கணவர் செல்வராஜ் அண்ணன், மைன்ஸ் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர், வாசலிலேயே நின்றார். மீட்டர் பளபளவென்று இருந்தது. சிக்னல் ஃபுல். ஆபீசில் கேட்டால் ரீடிங் வருகிறது என்றார்கள். நான் கிளம்பியதும் நின்றுவிட்டது. அடுத்த முறை சிம்மை மாற்றினேன். அதற்கடுத்த முறை மீட்டரையே மாற்றினேன். நான் நிற்கும்வரை பேசும், தலை மறைந்தால் ஊமை.

"இன்னாய்யா, உன்ன பாத்தாதான் பேசுமா? அங்கியே குடி போயிடேன்," என்றார் எங்கள் இன்ஜினியர்.

அக்காவும் பொறுமை இழந்தார். "இந்த மாசமும் கொறையலன்னா பழையபடி சாயங்காலமே அரைச்சிக்கிறேன் சார். வாடிக்கையும் போயி ரேட்டும் இல்லன்னா இன்னாத்துக்கு இந்த ரோதன?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இந்த ரேட்டைச் சொல்லி ஆசை காட்டியதே நான்தான்.

ஒரு நாள் அடுத்த லைனில் வேறு வேலை. போகிற வழியில் சும்மா எட்டிப் பார்த்தேன். சுவரில் மீட்டரைக் காணோம். அந்த இடத்தில் பச்சை பெயின்ட் அடித்த இரும்புப் பெட்டி, பூட்டோடு.

"அக்கா, மீட்டர் எங்க?"

"உள்ளதான் இருக்குது. மழை படக்கூடாதுன்னு அவரே செஞ்சி மாட்டனாரு. நீங்க வரேன்னு போன் பண்ணா பொட்டிய கழட்டி, மீட்டர தொடச்சி வெப்பாரு. இன்னிக்கு நீங்க பண்ணலியே."

அப்படியே படியில் உட்கார்ந்து சிரித்தேன்.

செல்வராஜ் அண்ணன் நம்பவில்லை. "பொட்டி போட்டா கரண்ட்டு நிக்குதா? ஓடிக்கினுதானே இருக்குது?"

"கரண்ட்டு ஒயர்ல போவுது. சிக்னல் இரும்பத் தாண்டாதுண்ணா."

அவருடைய போனை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். என் போனிலிருந்து கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். அவர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் கன்னடத்தில் சொன்னது.

"நான் இங்கதானே நிக்கிறேன்," என்றார் அண்ணன், குரல் இறங்கி.

அன்றைக்கே ஒரு பிளாஸ்டிக் டிரம்மை அறுத்து மூடி செய்துவிட்டார். ஒர்க்‌ஷாப் ஆள் அல்லவா, அதற்கும் கீல் வைத்திருந்தார். அடுத்த பில்லில் பகல் ரேட்டு விழுந்தது. அக்கா மத்தியான ஷிஃப்டை விடவில்லை. எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். போன் பண்ணிவிட்டுப் போவது மரியாதைதான். ஆனால் பழுது பிடிபடாவிட்டால் ஒரு தடவை சொல்லாமல் போய் நில்லுங்கள். நமக்காக அவர்கள் எதைக் கழற்றி வைக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரியும்.