தனலட்சுமி டீச்சரின் சருகு மெத்தை

போன வெள்ளிக்கிழமை தலையணை உறைக்குத் துணி எடுக்க மலாக்கா காஜா பெராங்கில் இருக்கும் ராவுத்தர் கடைக்குப் போயிருந்தேன். துணியை அளந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு, "நம்ம தனலட்சுமி டீச்சர் தவறிட்டாங்களாம், தெரியுமா டீச்சர்? காலையிலதான் சொன்னாங்க" என்றார். துணியை வாங்காமலே டீச்சர் வீட்டுக்கு நடந்தேன். வழியில் அழுகை வரவில்லை. அறுபது சாகிற வயதா என்று கோபம்தான் வந்தது.

அவர் தையலும் உடற்பயிற்சியும் சொல்லிக்கொடுத்த பள்ளியில் நானும் ஆசிரியையாக இருந்தேன். அவரிடம் படித்த நீங்கள் அவருடைய விசிலையும் மிரட்டலையும் பற்றிப் பேசிக்கொண்டிருப்பீர்கள். நான் ஒரு படுக்கையைப் பற்றிச் சொல்லப்போகிறேன்.

மலாயா சுதந்திரம் வாங்குவதற்கு முந்தைய ஆண்டு அது. எங்கு பார்த்தாலும் கூட்டமும் பேச்சும். "நாடே சுதந்திரம் வாங்கப் போவுது, நம்ம பொம்பளப் பிள்ளைங்க வீட்டை வுட்டு ஒரு ராத்திரி வெளிய தங்குனதில்ல" என்று டீச்சர் கிளம்பிவிட்டார். பெரிய வகுப்பு மாணவிகளைத் தஞ்சோங் கிளிங் கடற்கரையில் மூன்று இரவு கூடாரத்தில் தங்கவைப்பதென்று முடிவாயிற்று. கூடாரம் இரவலாகக் கிடைத்தது. எதில் படுப்பது என்பதுதான் தெரியவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியபின் அவரவர் மூட்டையை அவரவர் சுமந்து நடக்க வேண்டும். கனம் ஆகாது. விலையும் எல்லா வீட்டுக்கும் கட்டுப்படியாக வேண்டும்.

பாய் போதுமே என்றேன் நான். "ஈர மணல்ல வெறும் பாயைப் போட்டுப் படுத்துட்டு, காலையில நிமிந்து நில்லுங்க பாப்போம்" என்றவர், என்னை ராவுத்தர் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். கடை நடுவே செருப்பைக் கழற்றிவிட்டு இலவம்பஞ்சு மெத்தையில் நீட்டிப் படுத்துவிட்டார். "டீச்சரம்மா, எந்திரிங்க, ஆளுங்க பாக்குறாங்க" என்று ராவுத்தர் பதறினார். "பாக்கட்டும். மெத்தை விஷயத்துல முதுகு சொல்றதைத்தான் கேப்பேன், முதலாளி சொல்றதை இல்ல" என்றார் படுத்தபடியே. மெத்தை சுகம்தான், ஆனால் சுமக்கிற பிள்ளைக்கு இடுப்பு ஒடிந்துவிடும். பட்டாளத்துச் சாமான் விற்ற கடையில் காற்றடிக்கும் ரப்பர் மெத்தை இருந்தது. விலையைக் கேட்டதும் இருவரும் வந்த வழியே திரும்பினோம். ரப்பர் தோட்டத்திலிருந்து ஒரு ரப்பர் ஷீட்டைக்கூட வரவழைத்து ஆசிரியர் அறையில் விரித்துப் பார்த்தார். அந்த நாற்றம் ஒரு வாரம் என் சாப்பாட்டிலும் அடித்தது.

கடைசியில் பஞ்சு மெத்தையையே ஒடுக்கமாக, மெல்லிசாகத் தைத்துக்கொள்வதென்று தீர்மானித்தோம். அப்போதுதான் ஒரு மாணவியின் தாயார் வந்தார். பெயர் வேண்டாம்.

"எம் பொண்ண அனுப்ப முடியாது டீச்சர்."

"ஏன்? நல்லா நீந்துற பிள்ளையாச்சே."

தாயார் குரலைத் தாழ்த்தினார். "அந்தத் தேதிக்குத் தூரமாயிருவா. வீட்டுல அவளுக்குப் பின்பக்கம் தனிப்பாய் போட்டிருக்கோம். அங்க வந்து எல்லாரும் பாக்க ஒதுக்கி வச்சீங்கன்னா பிள்ளைக்கு மானம் போயிரும். ஒதுக்கலைன்னா மத்த தாய்மாருங்க சும்மா வுடுவாங்களா? பஞ்சு மெத்தையில பட்டுட்டா எங்க போய் அலசுவா?"

டீச்சர், "ரெண்டு நாள் பொறுங்கம்மா" என்றார்.

மறுநாள் கோதுமை மாவு மூட்டைத் துணியில் ஆள் நீளத்துக்கு ஒரு பை தைத்துக்கொண்டு வந்தார். உள்ளே ஒன்றுமில்லை. மடித்தால் ஒரு பாவாடை அளவுதான். "சவுக்குச் சருகு அங்க சும்மா கொட்டிக் கிடக்கு. அள்ளித் திணிச்சுக்குவோம். கீழ விரிக்க ஆளுக்கொரு மெழுகுத்துணி" என்றார். கனமில்லை, காசும் அதிகமில்லை. எனக்கு ஒரே சந்தோஷம். அடுத்து ஒரு சட்டம் போட்டாரே பார்க்க வேண்டும். தினமும் காலையில் எல்லாரும் சருகைக் கொட்டிவிட்டு உறையைத் துவைத்துக் காயப்போட வேண்டுமாம், ஆசிரியைகள் உட்பட.

"மூணு ராத்திரிக்கு எதுக்கு டீச்சர் இந்த வேண்டாத வேலை?"

"எறும்பு ஏறும்" என்றார், அவ்வளவுதான்.

அந்தத் தாயாரிடம் தனியாக என்ன பேசினாரோ, பெண் வந்துவிட்டாள். முதல் நாள் காலையில் பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். எல்லாரையும்விட அதிகமாக முணுமுணுத்தது நான்தான். இரண்டாம் நாள் பக்கத்து மலாய்க் கம்பத்தின் ஊர்க் கிணற்றடியில் கூட்டமாக நின்று, தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு துவைத்தார்கள். சவுக்கு மரங்களுக்கிடையே கட்டிய கயிற்றில் வரிசையாக வெள்ளை உறைகள் காய்ந்தன. எது யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தப் பெண் மற்றவர்களோடு சிரித்துக்கொண்டு அடுத்த இரவுக்குச் சருகு பொறுக்க ஓடினாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"எறும்புன்னு சொன்னீங்களே டீச்சர்" என்றேன்.

அவர் கயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வயசுக்கு வந்த புதுசுல நானும் ஒரு பாயோட பின்பக்கம் கிடந்தேன். என் தங்கச்சி ஜன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டு, 'அக்கா, நீ என்னா தப்பு பண்ணுன?'ன்னு கேட்டா."

என் கண் கலங்கியதைப் பார்த்துவிட்டு, விசிலை எடுத்து என் காதோரமாக ஊதினார். கஞ்சிக்கு அரிசி களைய வேண்டிய நேரமாம்.

பிறகு எனக்குக் கல்யாணமாயிற்று. புகுந்த வீட்டில் எனக்கென்று ஒரு தனிப்பாயைக் கதவுக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்தார்கள். பல வருடம் அதில் படுத்தேன், பல வருடம் சண்டையும் போட்டேன். வாய் ஓயும்போதெல்லாம் டீச்சரைப் பார்க்கப் போவேன். "வுட்டுறாதீங்க" என்பார், வேறு உபதேசம் கிடையாது. அந்தப் பிடிவாதம்தான் அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது. போன வருடம் என் மூத்த மகள் பெரியவளானாள். அன்றைக்கும் தன் கட்டிலில்தான் படுத்தாள். அவள் தங்கை வழக்கம்போல் அவள்மேல் காலைப் போட்டுக்கொண்டு தூங்கினாள்.