கார்டு தேய்த்த பிறகு விழுந்த கேட்

கேட் என்மேல் விழுந்தபோது மதியம் இரண்டரை தாண்டியிருந்தது. திருமுடிவாக்கத்தில் ஒரு சிறிய தொழிற்சாலையில் நான் தரப் பரிசோதகர். ஷிப்ட் முடிந்து, வருகைக் கார்டைத் தேய்த்துவிட்டு, வெளியே போக இரும்புக் கேட்டைத் தள்ளினேன். அது தண்டவாளத்தை விட்டு நழுவி வலது காலில் சாய்ந்தது. வலி உடனே வரவில்லை. பாதம் திரும்பிக் கிடந்த விதத்தைப் பார்த்துத்தான் பயந்தேன்.

டிபியா (முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பு) இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. அறுவை சிகிச்சை செய்து எலும்புக்குள் உலோகக் கம்பி வைத்தார்கள்.

மூன்றாம் நாள் மேனேஜர் வந்தார். நல்ல மனிதர், என் மகளின் பள்ளிச் சேர்க்கைக்கு அலைந்தவர். கட்டிலருகே தயங்கி நின்றார்.

"கார்டு தேச்சுட்டீங்க இல்லம்மா, டியூட்டி முடிஞ்சுபோச்சு. ரோடு கிராஸ் பண்ணும்போது அடிபட்டதா எழுதிடலாம்னு ஓனர் சொல்றார்."

"சரின்னு சொல்லிடேன்," என்றார் என் கணவர் மெதுவாக. வேலை போய்விடுமோ என்ற பயம் அவருக்கு. எனக்கும்தான்.

ரோட்டில் அடிபட்டதாக எழுத முடியுமா என்று மறுநாள் காலை டாக்டரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் கேஸ் ஷீட்டைப் புரட்டினார்.

"கம்பெனி கேட் விழுந்துச்சுன்னு வந்த அன்னைக்கே சொல்லியிருக்கீங்க. அது பொய்யா?"

"இல்ல டாக்டர். அதுதான் நிஜம்."

சொன்ன பிறகுதான் மூச்சு சீரானது. இதைப் படிப்பவர்களுக்கும் அதையே சொல்வேன்: எங்கே, எப்படி அடிபட்டது என்பதை மருத்துவமனையில் முதலிலேயே உள்ளபடி சொல்லுங்கள்.

விபத்தை விசாரிக்க வந்த தொழிலாளர் காப்பீட்டு அதிகாரியிடம் கம்பெனி வாட்ச்மேன் ஏசுதாஸ் அண்ணன் மறைக்கவில்லை. "கேட் வீலு தேஞ்சு கீதுன்னு நோட்ல எழுதி வெச்சேன் சார். அந்தம்மா உள்ள நின்னுகினு இருந்தப்பதான் வுழுந்துச்சு."

வேலை முடிந்து வளாகத்தை விட்டு வெளியேறும் வழியும் வேலையோடு சேர்ந்ததே என்றார் அதிகாரி. வேலையிட விபத்து என்று ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் உண்மையைச் சொன்ன ஏசுதாஸ் அண்ணனை ஓனர் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார். அவரிடம் போனில் பேசும்போது அழுதுவிட்டேன்.

"இன்னாத்துக்கு பேஜார் பண்ணிக்கிற? இங்க கேட்டு நல்லா கீது," என்று சிரித்தார்.

பிசியோதெரபி (தசைகளை மீண்டும் பழக்கும் பயிற்சி) ஐந்து மாதம் நடந்தது. இப்போது வேலைக்குப் போகிறேன். படி இறங்குமுன் எந்தக் காலை முதலில் வைப்பது என்று ஒரு கணம் யோசிக்கிறேன். பெருங்களத்தூரில் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதில்லை. கூட்டம் ஏறிப் போகட்டும். அடுத்தது வரும்வரை இடது காலில் பாரத்தைச் சாய்த்து, அவசரமில்லாமல் நிற்கிறேன்.