கேள்வி நேரத்தில் ஓர் அரோகரா

என் வீட்டுக்காரர் தில்லிக்குக் கிளம்பியபோது நான் அவரிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "அங்க போய் வாயத் தொறக்காத பாவா. கையக் கட்டிக்கினு உக்காந்துட்டு வா, போதும்." எங்கள் பக்கம் அத்தை மகனை பாவா என்போம். கட்டிக்கொண்ட பிறகும் எனக்கு அவர் பாவாதான். "ஆங், ஆங்" என்று தலையாட்டிவிட்டு ரயில் ஏறினார். தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஆளே கிடையாது.

அவர் போனது ஒரு நடைபாலத்துக்காக. திருத்தணிக்கும் திருவாலங்காட்டுக்கும் நடுவில் ஒரு சின்ன ஸ்டேஷன், அதை ஒட்டி எங்கள் ஊர். ஊர் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம். திருத்தணி போகும் வண்டி நிற்கிற பிளாட்பாரம் அந்தப் பக்கம். மேலே ஏறிக் கடக்க நடைபாலம் இல்லை. நடுவில் எங்கள் ஊரில் நிற்காத வண்டியெல்லாம் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறக்கும். ஊர் ஜனங்கள் காதைத் தீட்டிக்கொண்டு, ஹாரன் சத்தம் கேட்டால் நின்று, கேட்காவிட்டால் ஓடிக் கடப்போம்.

என் மகளுக்குக் காது கேட்காது. குழந்தையில் வந்த ஒரு காய்ச்சல் அதைக் கொண்டுபோய்விட்டது. பேசுவாள், நன்றாகவே பேசுவாள். எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்து அவர் சொல்வதைப் புரிந்துகொள்வாள். திருத்தணியில் கல்லூரியில் படிக்கிறாள். என் தையல் கடையும் திருத்தணியில்தான். பத்து மணிக்குத் திறந்தால் போதும் என்றாலும், அவளோடு விடிகாலை வண்டிக்கே கிளம்பிவிடுவேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தைக் கடந்தால்தான் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கும். கூடப் படிக்கிற பெண்கள் பார்க்கிறார்கள் என்று அவள் முகத்தைச் சுளிப்பாள். சுளிக்கட்டும், எனக்கென்ன?

பாவா எங்கள் எம்.பி.யின் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். கடைசியில் எம்.பி. நடைபாலம் பற்றி மக்களவையில் கேள்வி கொடுத்தார். கேள்வி கொடுத்தால் மட்டும் போதாதாம். குலுக்கல் போட்டுத்தான் எடுப்பார்களாம். குலுக்கலில் வந்த கேள்விகளுக்குத்தான் அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்வார். அதிலும் கேள்வி நேரம் என்பது ஒரே ஒரு மணி நேரம்தான். முதல் நாலைந்து கேள்விகளுக்குள் மணி பன்னிரண்டாகிவிடும். மற்றவர்களுக்குக் காகிதத்தில் பதில் வரும், அதோடு சரி. எங்கள் கேள்வி நான்காவதாக வந்திருந்தது. எம்.பி.யின் உதவியாளர் போன் செய்து இதைச் சொன்னபோது, தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டில் கையை வைக்க வேண்டிய இடத்தில் கழுத்தை வைத்துத் தைத்துவிட்டேன். பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து பார்க்க பாவாவுக்கும் எம்.பி.யே பாஸ் வாங்கிக் கொடுத்தார்.

அன்று காலை என் கடையைத் திறக்கவே இல்லை. எதிரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் சேட்டம்மாவின் கடையில் டிவி உண்டு. அந்த அம்மாவின் பெரியவர்கள் ராஜஸ்தானிலிருந்து வந்தவர்கள், இவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் திருத்தணியில்தான். வீட்டில் இந்தி, வீதியில் தமிழ். சண்டை என்று வந்துவிட்டால் எங்களைவிட நல்ல தமிழ். "சீரியல் கெடக்குது போ. இன்னிக்கு உன் கேள்விதான் எனக்கு சீரியல்" என்று நாடாளுமன்ற சேனலைப் போட்டுவிட்டு, பித்தளைக் குடங்களை நகர்த்தி எங்களுக்கு இடம் பண்ணிக் கொடுத்தார். என் மகளும் கல்லூரிக்குப் போகாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

பதினொரு மணி. சீருடை போட்ட ஒருவர் கணீரென்று ஏதோ அறிவித்தார். அவ்வளவு பெரிய அவையும் ஒரே மூச்சில் எழுந்து நின்றது. சத்தமே இல்லை. கதவு திறந்தது. சபாநாயகர் நடந்து வந்து, இருக்கைக்கு முன் நின்று, எல்லாப் பக்கமும் கை கூப்பினார். மொத்த அவையும் அவரைப் பார்த்துக் கை கூப்பியது.

எங்கள் திருத்தணி மலைக் கோயிலுக்கு வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சன்னிதியில் திரை விலகுகிற நேரமும் இப்படியேதான் இருக்கும். எல்லோரும் நிற்பார்கள், எல்லோரும் கை கூப்புவார்கள், ஒரு கணம் மூச்சு விடும் சத்தம்கூட இருக்காது. பிறகு என்ன நடக்கும்? நடந்துவிட்டது.

"முருகனுக்கு அரோகரா!"

டிவியில் எங்கோ மேலிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல, ஆனால் தெளிவாகக் கேட்டது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து எடுத்துக் காய்த்துப்போன தொண்டை அது. எனக்குத் தெரியாதா? உறுப்பினர்கள் எல்லோரும் அண்ணாந்து மாடத்தைப் பார்த்தார்கள். சபாநாயகரின் கூப்பிய கை அப்படியே நின்றது. கடையில் ஈயச்சொம்பு வாங்க வந்த ஒருவர், பழக்கதோஷம், தானும் "அரோகரா" என்றார்.

"ஐயையோ! பாவி மனுசன்!" என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னாம்மா ஆச்சு?"

"உங்க நைனா அங்க போயி அரோகரா போட்டுட்டாரு!"

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நைனா கொரலு தில்லி வரைக்கும் கேட்டுடுச்சு. எனக்குத்தான் கேக்கல" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பா வரும்? இந்தக் காலத்தில் அந்தக் கட்டடத்துக்குள் இருமினாலே பிடிப்பார்களே! பாஸ் வாங்கிக் கொடுத்தவருக்குத்தானே கெட்ட பெயர்? கோபத்தில் அவர் கேள்வியே கேட்காமல் உட்கார்ந்துவிட்டால்?

சபாநாயகர் உட்கார்ந்தார். முதலில் இரங்கல் குறிப்பு. முன்பு எப்போதோ உறுப்பினராக இருந்த ஒரு பெரியவர் காலமாகிவிட்டார் என்று படித்தார். எல்லோரும் எழுந்து மௌனமாக நின்றார்கள். நானும் பாத்திரக்கடையில் எழுந்து நின்றேன். நடப்பு உறுப்பினர் யாராவது இறந்திருந்தால் அவையையே ஒத்திவைத்துவிடுவார்கள் என்று உதவியாளர் சொல்லியிருந்தார். நல்லவேளை, அப்படி இல்லை. இறந்தவர் ஆன்மா சாந்தி அடையட்டும் என்று மனதாரவே வேண்டிக்கொண்டேன்.

முதல் கேள்வியை அழைத்ததுதான் தாமதம், ஒரு கூட்டம் அட்டைகளைத் தூக்கிக்கொண்டு அவையின் நடுவில் வந்து நின்று கத்த ஆரம்பித்தது. சபாநாயகர் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார்.

"உக்காருங்க, உக்காருங்கன்றாரு" என்றார் சேட்டம்மா. "எங்க வூட்ல நான் கத்தற மாரியேதான். ஒருத்தராவது கேக்கறாங்களா பாரு."

"ஒத்தி வெச்சிடுவாங்களா?"

"இப்பிடியே கத்தினா வெச்சிடுவேன்றாரு."

எனக்கு வந்ததே ஆத்திரம்! "ஏம்பா, நீங்க கத்தறதுக்கு நாள் பூரா இருக்குது, எங்களுக்கு இந்த ஒரு மணி நேரந்தான்!" என்று டிவிக்குள் இருந்தவர்களைப் பார்த்துக் கத்தினேன். தெருவில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். என் கத்தலுக்குத்தானோ என்னவோ, கொஞ்ச நேரத்தில் அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே இடத்துக்குத் திரும்பினார்கள். முதல் கேள்விக்கு ஓர் அமைச்சர் நீட்டி முழக்கினார். அவர் உட்கார்ந்ததும் இன்னொருவர் துணைக் கேள்வி, அதற்கொரு பதில், அப்புறம் வேறொருவர். இரண்டாவது கேள்வி எதைப் பற்றி என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. நான் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முள் பன்னிரண்டை நோக்கி ஓடுகிறது, இவர்கள் ஆற அமரப் பேசுகிறார்கள்.

மூன்றாவது கேள்வி. சபாநாயகர் பெயரைச் சொன்னார். யாரும் எழவில்லை. மறுபடி சொன்னார். அந்த உறுப்பினர் வரவே இல்லை.

"ஆளு இல்ல, கேள்வி தள்ளிப்பூடுச்சு! அடுத்தது நம்மளுது!" என்று சேட்டம்மா ஒரு தாம்பாளத்தை எடுத்துத் தட்டினார். நானும் கைதட்டிக் குதித்தேன். யார் பெற்ற பிள்ளையோ, வராமல் இருந்தாரே, நல்லா இருக்கட்டும் என்று வாழ்த்தக்கூடச் செய்தேன்.

மகள் என் தோளை உலுக்கினாள். "அம்மா, நம்ம எம்.பி. எங்க?"

பார்த்தேன். அவர் இருக்கை காலி. உயிரே போய்விட்டது. அதே நேரம் என் போன் அடித்தது. எம்.பி.யின் உதவியாளர்தான், தில்லியிலிருந்து.

"அக்கா, பயப்படாதீங்க. உங்க வீட்டுக்காரர ஒரு ரூம்ல உக்கார வெச்சி விசாரிச்சிகினு இருக்காங்க. ஐயா சொன்னா விட்டுடுவாங்கன்னு அவரே நேர்ல வந்திருக்காரு. உங்க கேள்விக்கு இன்னும் நேரம் இருக்குதுல்ல?"

"எங்கப்பா இருக்குது நேரம்! மூணாவது ஆளு வரல! இப்ப எங்க கேள்விதான்! அவர உள்ள ஓடச் சொல்லு!"

"அக்கா, உங்க வீட்டுக்காரர்…"

"அவரு அங்கியே கெடக்கட்டும்! ரூம்லதான உக்கார வெச்சிருக்காங்க, டீ குடுப்பாங்க, குடிச்சிட்டு வரட்டும்! கேள்வி போனா திரும்பி வருமா? ஓடுப்பா சாமி, ஓடு!"

போனில் காலடிச் சத்தம் தடதடவென்று கேட்டது. டிவியில் சபாநாயகர் நான்காம் கேள்வி என்று சொல்லி எங்கள் எம்.பி.யின் பெயரை வாசித்தார். யாரும் எழவில்லை. மறுபடி வாசித்தார். சற்று முன் யாருக்கோ நடந்தபோது கைதட்டினேனே, அதே காலி இருக்கை, இப்போது எங்களுக்கு. சபாநாயகரின் கண் காகிதத்தில் அடுத்த வரிக்கு இறங்கியது.

"வந்துட்டாரு!" என்று கத்தினாள் மகள்.

வாசலிலிருந்து துண்டு ஒரு பக்கம் பறக்க ஓடி வந்தார் மனிதர். இருக்கையைப் பிடித்துக்கொண்டு, கையைத் தூக்கினார். சபாநாயகர் மூக்குக் கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை பார்த்தார். சிரித்தார். கேளுங்கள் என்று கையைக் காட்டினார். நான் சேட்டம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டேன்.

எம்.பி. மூச்சு வாங்கத் தமிழில் பேசினார். எதிரே அமைச்சர் மொழிபெயர்ப்பைக் கேட்கக் காதில் கருவியை மாட்டிக்கொண்டார். அந்தப் பெரிய அவையில் எங்கள் ஊர்ப் பெயர் ஒலித்தது. மளிகைக் கடைச் சீட்டில்கூட ஒழுங்காக எழுதாத பெயர்! பிறகு அவர் சொன்னார்: "அந்த ஊரில் காது கேளாத ஒரு மாணவி இருக்கிறாள். தினமும் தாயின் கையைப் பிடித்துக்கொண்டுதான் தண்டவாளத்தைக் கடக்கிறாள். அந்தத் தாய் ஒருநாள் வராவிட்டால் அந்தப் பெண்ணின் கதி என்ன?"

அவர் முகம் திரை முழுக்க இருந்தது. என் மகள் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல் விடாமல் புரிந்துகொண்டாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

அமைச்சர் இந்தியில் பதில் சொன்னார். சேட்டம்மா கையைத் தூக்கி எங்களை அடக்கினார். "இரு, இரு… எடம் பாத்துட்டாங்களாம்… படம் போட்டாச்சாம்… இந்த வருசமே வேலைய ஆரம்பிச்சுடுவாங்களாம்! ஏய், பாலம் வருதுடி!" தாம்பாளம் மறுபடி அதிர்ந்தது. மணி பன்னிரண்டு, கேள்வி நேரம் முடிந்தது என்று சபாநாயகர் அறிவித்துவிட்டார். சேட்டம்மா ஜிலேபி வாங்கி வரச் சொல்லித் தெருவுக்கே கொடுத்தார். மகள் மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. "தப்பா சொல்லிட்டாரு" என்றாள். என்னடி தப்பு என்று எத்தனை முறை கேட்டும் வாயைத் திறக்கவில்லை.

பிற்பகலில் பாவா போன் செய்தார். விட்டுவிட்டார்களாம், டீயும் கொடுத்தார்களாம். "நம்ம கேள்வி வந்துச்சா? பேசினாரா?" என்றார். அதைக் கேட்கவென்றே தில்லி வரை போன மனிதர், அதைக் கேட்காத ஒரே ஆள். திட்டுவதற்கு நான் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கோ போய்விட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

மறுநாள் விடிகாலை, வழக்கம்போலத் தண்டவாளத்தின் ஓரத்தில் நின்று மகளின் கையைப் பிடித்தேன். அவள் நகரவில்லை.

"நேத்து தப்பா சொன்னாருன்னேன்ல. நான் உன் கையப் புடிச்சிக்கினு போறேன்னாரு. நான் இல்லம்மா, நீதான் என் கையப் புடிச்சிக்கினு வர்ற. வண்டி வந்தா கல்லு அதுரும், அது எனக்குக் கால்லியே தெரியும். ரெண்டு பக்கமும் பாத்துட்டுத்தான் எறங்குவேன். நீ எங்கப் பாக்கற? என் மூஞ்சியப் பாத்துக்கினே வர்ற. ரெண்டு பேருக்கும் சேத்து நான்தான் தெனமும் பாக்கறேன்."

அவள் சொன்னது அத்தனையும் உண்மை.

"பாலம் சீக்கிரம் வரட்டும்மா" என்றாள். "எனக்கோசரம் இல்ல. காலேஜ் முடிச்சி நான் வேலைக்குப் பூட்டா, இந்த எடத்துல உன்னத் தனியா வுடறதுக்கு எனக்குப் பயமா இருக்குது."

என் கையை இறுக்கிப் பிடித்தாள். இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள். "வா" என்றாள். நான் அவளோடு நடந்தேன்.