இருபத்தேழு தோமினிக்

கூட்டிப் போட்டவள் நான்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் துறைகள் இருபத்தேழு. துறைக்குத் துறை தனி சர்வர், தனி நெட்வொர்க், தனித் தலைவலி. எல்லாவற்றையும் ஒரே மையத்துக்குக் கொண்டுவர ஒரு திட்டக்குழு போட்டார்கள். 'உங்கள் துறையில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர்கள் எத்தனை பேர்?' என்று படிவம் போனது. எல்லாத் துறையும் 'ஒருவர்' என்று எழுதி அனுப்பியது. பதிவாளர் அலுவலகத்தில் டைப் அடிக்கும் இந்தத் தனப்பிரியா, அடியில் 'மொத்தம் 27' என்று போட்டுவிட்டாள்.

அந்த இருபத்தேழு பேரும் ஒரே ஆள். ஜலகண்டாபுரத்துத் தோமினிக் அண்ணன். எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் படிவத்தைக் கண்டால் கூட்டத்தான் தெரியும் இந்தக் கைக்கு, யோசிக்கத் தெரியாது.

பதினோரு வருடமாக ஒப்பந்த வேலை அவருக்கு. கழுத்தில் ஜெபமாலை, இடுப்பில் வயர் கட்டர், மொபெட்டின் முன்னால் கேபிள் சுருள். எந்தப் பெட்டியை ஆன் செய்தாலும் முதலில் சிலுவை போட்டுக்கொள்வார். 'எங்க ஆளு' என்று துறைக்குத் துறை பெருமை பேசும். ஆனால் அவருக்கு லீவு மட்டும் கிடைக்காது. லீவுப் படிவத்தில் 'பொறுப்பை ஏற்பவர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் எழுத ஒரு பெயர் வேண்டுமே! மச்சினிக்கு மாதா கோவிலில் தாலி ஏறிய நேரத்தில் மனிதர் வேதியியல் துறை மேசைக்கு அடியில் படுத்திருந்தார்.

திட்டக்குழு என் கணக்கைப் பார்த்தது. இருபத்தேழு பேர் வீண், நான்கு பேர் போதும், அந்த நால்வரையும் வெளியிலிருந்து புதிதாக எடுக்கலாம், பழைய இருபத்தேழு ஒப்பந்தமும் மாதக் கடைசியோடு முடியட்டும் என்றது. புதன்கிழமை இருபத்தேழு பேரையும் நேரில் அழைத்துச் சொல்லிவிடுவது என்று முடிவு. அந்தக் கடிதத்தையும் நானே அடித்தேன். அடித்த கையோடு பதிவாளர் சரவணமுத்து சாரிடம் ஓடினேன்.

"சார், அந்த இருபத்தேழுல ஒரு தப்பு..."

"ஃபைல் மேல போயாச்சும்மா. எதுவா இருந்தாலும் கூட்டத்துல பேசிக்கலாம்."

தோமினிக் அண்ணனிடம் சொன்னேன். இருமல் வரும்வரை சிரித்தார்.

"ஏனுங்க சாமி, நான் இருவத்தேழு பேருங்களா? எங்கூட்டுல புஷ்பத்தக் கேட்டா அரை ஆளும்பாளே!"

சிரிப்பு அப்படியே நின்றது. "அப்ப வேல போயிருமுங்களா? பையன் ஜெர்ரி பத்தாவது படிக்கறானுங்க."

எனக்கு அழுகை வந்தது. பின்னாலேயே கோபமும் வந்தது. "புதன்கிழமை வாங்கண்ணா. இருபத்தேழு பேரும் வாங்க!" என்றேன்.

புதன்கிழமை இருபத்தேழு நாற்காலி போட்டு, ஒவ்வொன்றிலும் துறையின் பெயரை ஒட்டினேன். இருபத்தேழு போண்டாவும் சொல்லியாயிற்று. துறைத்தலைவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் வருகைப் பதிவை எடுத்தேன்.

"தாவரவியல்?"

"வந்திருக்கேனுங்க." முதல் நாற்காலியிலிருந்து தோமினிக் அண்ணன் எழுந்தார்.

"இயற்பியல்?"

அடுத்த நாற்காலிக்கு மாறி உட்கார்ந்து, மறுபடி எழுந்தார். "வந்திருக்கேனுங்க."

அண்ணன் ஐந்தாவது நாற்காலிக்கு மாறி எழுந்தபோது பதிவாளர் கண்ணாடியைக் கழற்றினார். "என்னய்யா, விளையாடறியா?"

"இல்லீங்க சார். இதுவரைக்கும் அஞ்சு பேரு வந்திருக்கோமுங்க."

பின்வரிசையில் யாரோ குபீரென்று சிரித்தார்கள். பதிவாளர் என்னைப் பார்த்தார், நாற்காலிகளைப் பார்த்தார். சிரிப்பை அடக்கியதில் அவர் உதடும் துடித்தது. "நீ வாசிம்மா" என்றார். வாசித்தேன். கடைசி நாற்காலிக்கு வரும்போது அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. பதிவாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அப்ப நாங்க அனுப்பப்போற இருபத்தேழு பேரும்...?"

"நான் ஒருத்தன்தானுங்க."

தாவரவியல் தலைவர் அறிவுச்செல்வி மேடம் விருட்டென்று எழுந்தார். "அவரை அனுப்பறதா? அவர் எங்க ஆளுங்க சார்!"

"உங்க ஆளா? நேத்துப் பூராம் எங்க லேப்லதான் இருந்தாரு!" என்றார் இயற்பியல்காரர். அவ்வளவுதான், இருபத்தேழு துறைத்தலைவர்களும் எழுந்துவிட்டார்கள். சந்தைக்கடை தோற்றுப்போகும். நடுவில் தோமினிக் அண்ணன் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். எனக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

பதிவாளர் மேசையைத் தட்டினார். "நீங்களே சொல்லுங்க தோமினிக். மையத்துக்கு எத்தனை பேர் வேணும்?"

"நாலுன்னு போட்டீங்களே, அது சரிதானுங்க. எங்கூட மூணு பேரு குடுங்க, போதும்."

அப்படியே ஆயிற்று. மையத்துக்கு அவர்தான் பொறுப்பாளர். மூன்று பேரும் வேலைக்குச் சேர்ந்த மறுவாரம் ஒரு படிவத்தோடு என் மேசைக்கு வந்தார்.

"ரெண்டு நாளு லீவுங்க சாமி. புஷ்பத்தையும் புள்ளைங்களையும் ஜேடர்பாளையம் கூட்டிட்டுப் போயி, ஆத்துல குளிக்க வெச்சுக் கூட்டியாரணும்."

எல்லாம் நிரப்பியிருந்தார். 'பொறுப்பை ஏற்பவர்' கட்டம் மட்டும் காலியாக இருந்தது. பேனாவை அதன்மேல் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"ஒருத்தர் பேருதான் எழுதோணுமுங்களா? மூணு பேரு பேரையும் எழுதிக்கறேனே."

"எழுதுங்கண்ணா" என்றேன். "எடம் பத்தலைன்னா பின்பக்கமும் எழுதுங்க."